மைதானம் பக்கத்தில் இருந்தால் போதுமா? பதின்வயதினரின் உடல் இயக்கமும் பூட்டிய வாயில்களும்: அமெரிக்க நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் ஆறு நகரப் பகுதிகளில், ஆறாம் வகுப்பு மாணவிகளின் வீடுகளைச் சுற்றி ஓடியாட என்னென்ன இடங்கள் இருக்கின்றன என்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அப்படி உதவக்கூடிய இடங்களில் 44 சதவீதம் பள்ளி வளாகங்கள். ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்தபோது, அந்தப் பள்ளிகளில் மூன்றில் ஒரு பங்குக்குள் நுழையவே முடியவில்லை. வரைபடத்தில் மைதானம் இருக்கிறது. வாயிலில் பூட்டு தொங்குகிறது.

வீட்டுக்குப் பக்கத்தில் பூங்காவோ மைதானமோ உடற்பயிற்சிக் கூடமோ இருந்தால் பிள்ளைகள் அதிகம் ஓடியாடுவார்களா? இந்தக் கேள்விக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் மிக விரிவாகத் தரவு சேர்த்த நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அந்தத் தரவுகளை வரிசையாக வைத்துப் படித்தால், அருகாமை உதவுகிறது, ஆனால் பலரும் நினைக்கும் அளவில் மிகச் சிறு பங்கே உதவுகிறது என்பது தெரியும். மீதிப் பங்கு எங்கே இருக்கிறது என்பதற்கும் அதே தரவுகளில் தடயம் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்குச் சொல்லும் அளவு, நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடல் இயக்கம். 146 நாடுகளின் 11 முதல் 17 வயது மாணவர்களைப் பற்றிய ஆய்வில், 2016 நிலவரப்படி 81 சதவீதத்தினர் இந்த அளவை எட்டவில்லை. பெண்பிள்ளைகளில் அது 84.7 சதவீதம், ஆண்பிள்ளைகளில் 77.6 சதவீதம். இந்த ஏழு சதவீத இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண், பெண் வேறுபாடு கீழேயும் தலைகாட்டும்.

எட்டு கிலோமீட்டர் வட்டம்

2006-இல் வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் பென்னி கார்டன்-லார்சன் குழு வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஒன்று. 1994–95-இல் 7 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த 20,745 பேரின் தரவு அது. ஒவ்வொருவர் வீட்டையும் மையமாக வைத்து 8.05 கிலோமீட்டர், அதாவது 5 மைல் ஆரத்தில் வட்டம் போட்டார்கள். அந்த வட்டங்களுக்குள் வந்த 42,857 சிறு கணக்கெடுப்புப் பகுதிகளில் எத்தனை விளையாட்டு, உடற்பயிற்சி வசதிகள் இருக்கின்றன என்று எண்ணினார்கள்.

முதல் முடிவு நெஞ்சைச் சுடும். வருமானமும் படிப்பும் குறைந்த பகுதிகளிலும், சிறுபான்மையினர் அதிகம் வாழும் பகுதிகளிலும் ஒரு வசதியாவது இருப்பதற்கான வாய்ப்பே குறைவு. அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகள் என்று சொல்வதற்கு முன்னால் அவர்கள் தெருவில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது முடிவில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு வசதியும் இல்லாத பகுதியோடு ஒப்பிட்டால், ஒரு வசதி உள்ள இடத்தில் வாரத்துக்கு ஐந்து தடவையாவது நன்றாக உடலை இயக்குவதற்கான வாய்ப்பு விகிதம் 1.03. ஏழு வசதிகள் இருந்தால் 1.26. உடல் எடை மிகுந்திருப்பதற்கான விகிதம் இதே வரிசையில் 0.95-இலிருந்து 0.68 வரை இறங்குகிறது. 1.26 என்றதும் ‘26 சதவீதம் கூடுதல் பிள்ளைகள்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. வாய்ப்பு விகிதம் வேறு, சதவீதம் வேறு. சுறுசுறுப்பானவர்களின் எண்ணிக்கையை மற்றவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, அந்த ஈவுகளை ஒப்பிடுவதுதான் வாய்ப்பு விகிதம். ஓர் உதாரணக் கணக்கு: வசதி இல்லாத இடத்தில் 100 பேரில் 30 பேர் சுறுசுறுப்பானவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 30-ஐ 70-ஆல் வகுத்தால் 0.43. அதை 1.26-ஆல் பெருக்கினால் 0.54. அதைத் திரும்பச் சதவீதமாக்கினால் 35. ஏழு வசதிகளுக்கும் சேர்த்து 100 பேரில் ஐந்து பேர் கூடுகிறார்கள்.

இன்னொன்று அந்த ஆரம். எட்டு கிலோமீட்டர் என்பது அமெரிக்கப் புறநகரில் அப்பா அம்மா காரில் கொண்டுபோய் விடும் தூரம். 13 வயதுப் பிள்ளை நடந்தால் போகவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆக அந்த எண்ணிக்கை பிள்ளையின் எட்டுதலை அளப்பதைவிட, அந்த வட்டாரத்தின் செழிப்பை அதிகம் அளந்திருக்கக்கூடும். போதாததற்கு உடல் இயக்கமும் மாணவர்கள் தாங்களே சொன்ன கணக்கு. கருவி கட்டி அளந்ததல்ல.

இடுப்பில் கட்டிய கருவி

அந்தக் குறைகளைத் தீர்த்தது அடுத்த ஆய்வு. பதின்வயதுப் பெண்பிள்ளைகளின் இயக்கத்தைக் கூட்டுவதற்காக வாஷிங்டன்–பால்டிமோர், தென் கரோலைனாவின் கொலம்பியா, மினியாபொலிஸ், நியூ ஆர்லியன்ஸ், டூசான், சான் டியாகோ ஆகிய ஆறு பகுதிகளில் 36 பள்ளிகளில் நடந்த பெரிய திட்டம் அது. அதன் தரவிலிருந்து ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் டெபோரா கோஹென் குழு 1,556 மாணவிகளை எடுத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிய பூங்காக்களைக் கணக்கிட்டது. மேலே சொன்ன பூட்டிய பள்ளிகளின் கதையும் இந்தத் திட்டத்திலிருந்து வந்ததுதான்.

மாணவிகள் வலது இடுப்பில் முடுக்கமானியைக் கட்டிக்கொண்டார்கள். உடல் அசையும் வேகத்தை அது 30 விநாடிக்கு ஒருமுறை ஓர் எண்ணாகப் பதியும். அரை நிமிடத்தில் 1,500-ஐத் தாண்டினால் விறுவிறுப்பான இயக்கம் என்று கணக்கு. வேகநடைக்குச் சமமான 4.6 மெட் அது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தி 1 மெட். இந்தக் கருவிக்கு இரண்டு ஓட்டைகள் உண்டு. சைக்கிள் மிதிக்கும்போது இடுப்பு அதிகம் அசையாது, அதனால் குறைவாகப் பதியும். நீச்சலுக்குக் கழற்றி வைத்துவிடுவார்கள், அது பதியவே பதியாது. சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை இந்தக் கருவியால் மட்டும் அளந்தால் அவர்களுக்கு அநியாயம் நடக்கும்.

வீட்டிலிருந்து அரை மைலுக்குள், அதாவது 800 மீட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு பூங்காவுக்கும், பள்ளி நேரத்துக்கு வெளியே உள்ள இயக்கம் 2.8 சதவீதம் கூடியது. ஆறு நாளுக்கு 17.2 ‘நிமிடம்’. ஒரு மைலுக்குள் சராசரியாக 3.5 பூங்காக்கள் இருந்த மாணவிக்கு மொத்தம் 36.5 ‘நிமிடம்’, அதாவது பள்ளிக்கு வெளியே அவள் செய்யும் இயக்கத்தில் 6 சதவீதம். நடைபாதையும் ஓடுதளமும் உள்ள பூங்காக்களுக்கு அருகில் இந்த உறவு தெளிவாகத் தெரிந்தது.

நிமிடம் என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டதற்குக் காரணம் உண்டு. அது கடிகார நிமிடம் இல்லை. ஒவ்வொரு நிமிடத்தையும் அதன் மெட் அளவால் பெருக்கிக் கூட்டியது. 17.2-ஐ வேகநடையின் 4.6-ஆல் வகுத்தால் கடிகாரத்தில் நாலு நிமிடம்கூட இல்லை, அதுவும் ஆறு நாளுக்கு. ஓட்டமாக இருந்தால் இன்னும் குறையும். ஒரு பூங்கா கட்டினால் பிள்ளைகள் 17 நிமிடம் கூடுதலாக ஓடுவார்கள் என்று யாராவது திட்ட அறிக்கையில் எழுதினால் இந்த வகுத்தலைச் செய்து காட்டுங்கள்.

அதற்காக இதை அற்பம் என்று தள்ளிவிடவும் முடியாது. அதே 36 பள்ளிகளில் பாதியில் 2003 முதல் 2006 வரை சிறப்பு உடற்பயிற்சி வகுப்பு, பாடத்திட்டம், வெளி அமைப்புகளோடு கூட்டு என்று எல்லாம் சேர்த்து நடத்திய திட்டத்தின் பலனே நாளுக்குச் சுமார் 1.6 நிமிடம்தான். பூங்கா ஒரு தடவை அமைத்தால் வருடக்கணக்கில், ஆயிரக்கணக்கானவர்களுக்கு நிற்கும்.

லாஸ் ஏஞ்சலஸில் பணம் போட்ட பிறகு நடந்தது

அருகில் இருப்பவர்கள்தான் பூங்காவுக்கு வருகிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. லாஸ் ஏஞ்சலஸில் எட்டுப் பூங்காக்களைப் பார்த்ததில், வந்தவர்களில் 43 சதவீதத்தினர் கால் மைலுக்குள் வசிப்பவர்கள். ஒரு மைலுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் 13 சதவீதம்தான். ஆனால் வந்து என்ன செய்தார்கள்? மூன்றில் இரண்டு பங்கினர் உட்கார்ந்தோ நின்றோ இருந்தார்கள். வந்தவர்களில் ஆண்கள் 62 சதவீதம், பெண்கள் 38 சதவீதம்.

சரி, இடத்தை நன்றாக்கிக் கொடுப்போம் என்று அந்த நகரம் ஐந்து பூங்காக்களைச் சீரமைத்தது. ஒவ்வொன்றுக்கும் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவு. உடற்பயிற்சிக் கூடம், நடைபாதை, சிறுவர் விளையாடுமிடம், புல்தரை எல்லாம் மேம்பட்டன. ஒப்பிட்டுப் பார்க்கச் சீரமைக்காத ஐந்து பூங்காக்களையும் எடுத்துக்கொண்டார்கள். முன்னும் பின்னும் ஆட்களை எண்ணிய கோஹென் குழுவுக்குக் கிடைத்த விடை: இரண்டு வகைப் பூங்காக்களிலும் வருகையும் உடல் இயக்கமும் குறைந்திருந்தன. அந்தக் குறைவில் 39 சதவீதத்துக்கு நேரடிக் காரணம், ஏற்பாடு செய்யப்பட்ட விளையாட்டுகளும் வகுப்புகளும் குறைந்தது. சீரமைத்த பூங்கா பாதுகாப்பாக இருக்கிறது என்ற எண்ணம் மக்களிடம் கூடியது உண்மை. ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாலிபால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்றால் புதுக் கூடத்தின் தரை பளபளவென்று காலியாகத்தான் கிடக்கும்.

இந்த ஆய்வை நாங்கள் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறோம். கட்டுமானத்துக்கு ஒருமுறை பணம் வாங்குவது எளிது. திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. பயிற்சியாளரின் மாதச் சம்பளத்துக்குக் கல்வெட்டு கிடையாது. அதனால்தான் பட்ஜெட் நெருக்கடி வந்ததும் முதலில் வெட்டு விழுவது அங்கே.

விதிவிலக்கும் அதே நகரத்தில் உண்டு. ஒரு பூங்காவில் சறுக்குப்பலகைத் திடல் அமைத்தபோது அந்த இடத்தின் பயன்பாடு 510 சதவீதம் உயர்ந்தது. சறுக்குப்பலகைக்கு அணி வேண்டாம், பயிற்சியாளர் வேண்டாம், நேர அட்டவணை வேண்டாம். ஒருவன் தனியாக வந்தாலும் ஆட்டம் நடக்கும். பதின்வயதினர் தாங்களாகவே விரும்புவதை அமைத்தால் ஆள் துணை இல்லாமலும் ஓடும் என்பதற்கு இது சான்று. ஆனால் ஒரு ஊரில் இப்படி எடுபட்டது இன்னொரு ஊரிலும் எடுபடும் என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் அந்தந்தத் தெருப் பிள்ளைகளைக் கேட்க வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸில் ஒரு பள்ளி வாயில்

கத்ரீனா புயலுக்கு முந்தைய நியூ ஆர்லியன்ஸ். ஏழை மக்கள் வாழும் இரண்டு குடியிருப்புகள். தாமஸ் ஃபார்லியின் குழு, அவற்றில் ஒரு குடியிருப்பில் பள்ளி விளையாட்டுத் திடலைப் பள்ளி முடிந்த பிறகும் வார இறுதியிலும் திறந்துவிட்டது. கூடவே பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளப் பெரியவர்களைச் சம்பளத்துக்கு நியமித்தது. இன்னொரு குடியிருப்பில் எதுவும் செய்யவில்லை.  திறந்துவிட்ட பள்ளியில் கூடுதலாக வந்தவை சாவியும் ஆளும்.

இரண்டு ஆண்டுகள் தெருக்களையும் திடலையும் கவனித்தார்கள். திறந்துவிட்ட பகுதியில், வெளியே வந்து உடலை இயக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை மற்ற பகுதியைவிட 84 சதவீதம் அதிகம். பள்ளி நாட்களில் டிவி, வீடியோ கேம் முன்னால் உட்காரும் நேரமும் ஒப்பீட்டளவில் குறைந்ததாக அந்தப் பள்ளி மாணவர்கள் சொன்னார்கள். இவர்கள் 2 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள், பதின்வயதின் தொடக்கத்தில் இருப்பவர்களும் சேர்த்து. 16 வயதினருக்கும் இதே பலன் வரும் என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. இரண்டே குடியிருப்புகள் என்பதும் குறைதான். ஆனாலும் பூங்கா ஒன்றுக்கு 2.8 சதவீதம் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

பெற்றோர் பிள்ளையை வெளியே அனுப்பத் தயங்குவது தூரத்துக்காக மட்டுமல்ல. அங்கே யார் இருப்பார்கள் என்பதற்காகவும்தான். பெண்பிள்ளை என்றால் அந்தத் தயக்கம் இரட்டிப்பாகும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பதின்வயதினரிடம் நடந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: வரைபடத்தில் உள்ள வசதிகளுக்கும், தங்கள் பகுதியில் வசதி உண்டு என்று பிள்ளைகள் நினைப்பதற்கும் பொருத்தம் குறைவு. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டியிருந்தது.

உங்கள் வார்டில் அளக்க

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ ஒரு வார்டுக்கு இந்தக் கணக்கை எடுக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இரண்டு பேர், பேப்பர், பென்சில், ஒரு வார அவகாசம் போதும்.

தூரத்தை வானத்திலிருந்து வட்டம் போட்டு அளக்காதீர்கள். நடந்து அளந்து பாருங்கள். தெருமுனையிலிருந்து பத்து நிமிட நடை, ஏறக்குறைய 800 மீட்டர். நடுவில் ரயில்பாதையோ நான்குவழிச் சாலையோ இருந்தால் 300 மீட்டரில் உள்ள மைதானம்கூட அந்தப் பிள்ளைக்கு இல்லாததுதான். ஒவ்வொரு இடத்துக்கும் எழுத வேண்டியவை: வாயில் எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனைக்குப் பூட்டுகிறது, சாவி யாரிடம், கட்டணம் எவ்வளவு, இருட்டிய பிறகு விளக்கு எரிகிறதா, குடிதண்ணீர், பெண்களுக்கு, வெளியே பூட்டி வைக்காத கழிப்பறை. இந்தக் கடைசியை விட்டுவிட்டுத்தான் பல பட்டியல்கள் பொய்யாகின்றன.

ஆட்களை எண்ணுவதற்குக் கோஹெனும் தாமஸ் மெக்கென்சியும் 2006-இல் வெளியிட்ட முறை எளிது. மைதானத்தை ஒரே பார்வையில் முழுவதும் தெரியும் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டையும் இடமிருந்து வலமாக ஒரே ஒரு தடவை பார்வையால் வருட வேண்டும். பெண்களை எண்ண ஒரு முறை, ஆண்களை எண்ண ஒரு முறை. கண்ணில் படும் அந்த நொடியில் ஒருவர் உட்கார்ந்தோ நின்றோ இருக்கிறாரா, நடக்கிறாரா, ஓடியாடுகிறாரா என்பதே பதிவு. வயது நான்கு வகை: 12 வரை, 13–20, 21–59, 60-உம் அதற்கு மேலும். நாளுக்கு நான்கு தடவை, நான்கு நாட்கள், அதில் ஒரு நாள் வார இறுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16 சுற்று. ஒரு சுற்றைப் பகல் 12:30-க்கு வைத்தால் நம் வெயிலுக்கு அது பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும். அதைக் காலை 6:30-க்கு நகர்த்துங்கள், மாலை 5:30-ஐக் கட்டாயம் வையுங்கள்.

தவறுவது எங்கே? கண் திரும்பிப் போகும்போது ஏற்கெனவே எண்ணியவரை மறுபடி எண்ணிவிடுவது முதலாவது. சுற்று முடியும் வரை பின்னால் திரும்பக் கூடாது. கிரிக்கெட்டில் பீல்டிங் நிற்பவனை ‘ஆடுகிறான்’ என்று எழுதிவிடுவது இரண்டாவது. அந்த நொடியில் நிற்கிறான் என்றால் நிற்கிறான் என்றே எழுத வேண்டும். முதல் நாள் இரண்டு பேரும் தனித்தனியே எழுதி ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தச் சிக்கல்கள் அன்றே தெளிந்துவிடும். பரீட்சை வாரம், திருவிழா வாரம், மழை நாள் மூன்றையும் தவிர்க்கவும்.

பூங்காவில் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் இருந்தால் அவற்றையும் தனித் துண்டாகக் குறியுங்கள், ஆனால் பதின்வயதினருக்கான வசதி என்று சட்டென்று கணக்கில் சேர்க்காதீர்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 16630 இந்தக் கருவிகளை 140 சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ளவர்களுக்கு என்றே வரையறுக்கிறது. உயரம் குறைந்த பிள்ளைகளுக்குக் கைப்பிடி எட்டாமல் போகலாம். எட்டினாலும் அசைவின் வீச்சு அவர்களுக்கு ஏற்றதாக இல்லாமல் இருக்கலாம்.

பிறகு கேட்க வேண்டும். வராத பிள்ளைகளைக் கேட்க வேண்டும், வந்தவர்களை மட்டும் அல்ல. எட்டாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் இரண்டு கேள்வி போதும்: “உன் வீட்டிலிருந்து நடந்துபோய் விளையாட எங்கே இடம் இருக்கிறது?” “அங்கே கடைசியாக எப்போது போனாய், போகாவிட்டால் ஏன்?” உங்கள் வரைபடத்தில் உள்ள இடத்தை வகுப்பில் பாதிப் பேர் சொல்லவில்லை என்றால் இல்லாதது மைதானமல்ல, தகவல். தெரிந்தும் போகவில்லை என்றால் அவர்கள் சொல்லும் காரணத்தை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மைதானம் அருகில் உள்ள பிள்ளைகள் அதிகம் ஓடுகிறார்கள் என்று கணக்கு வந்தாலும் மைதானம்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். விளையாட்டில் ஆர்வமுள்ள, வசதியுள்ள குடும்பங்கள் அப்படிப்பட்ட இடங்களில் வீடு தேடிப் போகின்றன. நியூ ஆர்லியன்ஸ் போல ஒன்றை மாற்றிவிட்டு, மாற்றாத இடத்தோடு ஒப்பிட்டால்தான் காரணத்தைப் பற்றிப் பேச முடியும்.

பள்ளி மைதானத்தைத் திறக்க

அளந்து முடித்ததும் பெரும்பாலும் கண்ணில் படுவது பூட்டிய பள்ளி மைதானம்தான். தலைமையாசிரியர் மறுப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. யாராவது விழுந்து அடிபட்டால் பொறுப்பு யாருடையது, ஜன்னல் கண்ணாடி உடைந்தால் யார் மாற்றுவது, திங்கட்கிழமை காலை குப்பையை யார் கூட்டுவது. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் பள்ளியும் நகர நிர்வாகமும் செய்துகொள்ளும் கூட்டுப் பயன்பாட்டு ஒப்பந்தங்கள் இதற்காகவே எழுதப்படுகின்றன.

ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியவை: எந்தப் பகுதி மட்டும் திறக்கும் (மைதானம், கழிப்பறை, குழாய்; வகுப்பறைக் கட்டடம் அல்ல), கிழமையும் மணியும், சாவி வைத்திருப்பவர் பெயரும் அவர் வராத நாளில் மாற்று ஆளும், துப்புரவுக்கும் மின்சாரத்துக்கும் யார் பணம் தருவது, உடைந்தால் எத்தனை நாளில் சரிசெய்வது, விபத்துக் காப்பீடு யார் பெயரில், பொறுப்பாளரின் பின்னணியை யார் சரிபார்ப்பது, பரீட்சைக் காலத்தில் எப்படி. சாவிக்கு மாற்று ஆள் இல்லாத ஒப்பந்தம் நீடிக்காது. வாட்ச்மேன் ஊருக்குப் போன முதல் வாரமே பிள்ளைகள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள், அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

பெண்பிள்ளைகளுக்கான நேரத்தைத் தனி வரியாக எழுதுங்கள். வாரத்தில் குறைந்தது இரண்டு மாலை, நடு மைதானம் அவர்களுக்கு, பெண் பயிற்சியாளரோ பி.டி. டீச்சரோ உடன் இருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு மூலையை ஒதுக்கினால் பையன்களின் பந்து அங்கே வந்து விழும், இரண்டு வாரத்தில் மூலை காலியாகும். இருட்டும் முன் வீடு போய்ச் சேரும்படி முடிவு நேரத்தை வையுங்கள். டிசம்பர் மாலைக்கும் மே மாலைக்கும் ஒரே மணி பொருந்தாது.

மூன்று மாதம் கழித்து அதே 16 சுற்றை, அதே துண்டுகளில், அதே நேரங்களில் மறுபடி எண்ண வேண்டும். மொத்த எண்ணிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் ஒரே ஒரு கட்டத்தைப் பாருங்கள்: 13–20 வயது, பெண், ஓடியாடுகிறவர். அந்தக் கட்டத்தில் முன்பு பூஜ்யம் இருந்து இப்போதும் பூஜ்யம் என்றால், வராத பிள்ளைகளிடம் எழுதி வைத்த காரணங்களை எடுத்து மறுபடி படியுங்கள். ஒப்பந்தத்தில் திருத்த வேண்டிய வரி அங்கேதான் இருக்கும்.